‘ஏன் சைக்கிள்ல போறீங்க?’: திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை

பிப்ரவரி 1, சனி: திருச்சி – திருவையாறு

காலை ஆறரை மணிக்குக் கன்டோன்மென்டிலிருந்து கிளம்பினேன். இங்கிருந்து கிளம்ப ஒரு காரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள், ராஜாஜியும் சுமார் நூறு பேரும் வெள்ளைக்காரனின் உப்புச் சட்டத்தை மீறி உப்பு அள்ள வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கியது இங்கே இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்துதான். பதினைந்து நாள், நூற்றைம்பது மைல். அவர்கள் சித்திரை வெயிலில் நடந்தார்கள். நான் தைப் பனியில், கியர் வைத்த சைக்கிளில் போகிறேன். இதில் என்ன பெரிய கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நேற்று ராத்திரி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தேழு, இடது முழங்கால் கொஞ்சம் மக்கர். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

திருவானைக்காவல் தாண்டிக் கல்லணைச் சாலையில் திரும்பியதும் பனி மூடிக்கொண்டது. இடது பக்கம் எங்கோ கொள்ளிடம், வலது பக்கம் காவிரி, நடுவே வாழைத்தோப்பு. உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனாலே பொழுது போய்விடும். கிளிக்கூட்டில் டீ பன்னிரண்டு ரூபாய். பயணத்தின் முதல் விசாரணையும் அங்கேதான் நடந்தது.

“எங்கேருந்து சார் வர்றீங்க?”

“திருச்சி.”

“எங்க போறீங்க?”

“வேதாரண்யம்.”

பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்கள். “ஏன், பஸ் ஓடலையா?”

உடற்பயிற்சி என்றேன். “உடற்பயிற்சிக்குத் திருச்சியில ரோடு இல்லையா?” என்றார் ஒருவர். பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கல்லணையில் தண்ணீர் இல்லை. மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள். ஆற்றில் அங்கங்கே தேங்கிய குட்டைகளில் நான்கைந்து பையன்கள் கையாலேயே மீன் தேடிக்கொண்டிருந்தார்கள். யானை மேல் கரிகாலன் எப்போதும் போல. பக்கத்தில் ஒரு அம்மா கல்லில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு எண்பது ரூபாய். காலை ஒன்பது மணிக்கு மீன் சாப்பிடுவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான்.

கோவிலடியில் அப்பக்குடத்தான் கோயில். இந்தப் பெருமாளுக்கு ராத்திரி தோறும் அப்பம் நைவேத்தியம். ராத்திரி என்பது முக்கியம். நான் போனது உச்சிப் பொழுது, நடை சாத்தியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பத்துக்கா வந்தீங்க?” என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

திருக்காட்டுப்பள்ளியில் சாப்பாடு, பிறகு இருபது கிலோமீட்டர், திருவையாறு. தியாகராஜர் ஆராதனை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. பந்தல் போட்ட இடத்தில் குழிகள் மட்டும் பாக்கி. அசோகா அல்வா வாங்கி, கடை வாசலில் நின்றபடியே சாப்பிட்டேன். பாசிப்பருப்பில் இவ்வளவு நெய்யைக் குடிக்க வைக்க முடியும் என்று முதலில் கண்டுபிடித்தவரை நினைத்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். முழங்கால் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு: திருவையாறு – கும்பகோணம்

ராஜாஜியின் ஆட்கள் தஞ்சாவூருக்குள் போய் வந்தார்கள். எனக்கு அந்த டிராஃபிக் வேண்டாம். காவிரியை ஒட்டியே கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போவது என்று முடிவு செய்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், மெதுவாகப் போகலாம்.

தை மாத ஞாயிறு. வழியில் இருந்த கல்யாண மண்டபம் ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர். கபிஸ்தலத்துக்கு முன்னால் பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டி, சந்தனக் கிண்ணத்தோடு நின்றவரிடம் போய், “அண்ணே, கொஞ்சம் தண்ணி…” என்றேன்.

அவர் பாட்டிலை வாங்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போட்டிருந்தது சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற அந்த இறுக்கமான அரைக்கால் சட்டை. அது என்னைப் போன்ற தொப்பைக்காரர்களுக்காகத் தைத்ததும் இல்லை.

“மாப்பிள்ள வீடா, பொண்ணு வீடா?”

“ரெண்டும் இல்லண்ணே. தண்ணி கேக்கத்தான் வந்தேன்.”

“சாப்ட்டாச்சா?”

இதற்கு ஆச்சு என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் நெற்றியில் சந்தனம் விழுந்துவிட்டது. “அடுத்த பந்தி உக்காருது, வாங்க.” இந்த உடையில் எப்படி வருவது என்றேன். அவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். ஒரு குழந்தைக்குக் கட்டுவது போல, என்னைக் கேட்காமல்.

இலையில் முதலில் கேசரி. பிறகு இட்லி, பொங்கல், மெதுவடை, சாம்பார், அப்புறம் கடப்பா. கடப்பா தெரியாதவர்களுக்கு: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, சோம்பும் தேங்காயும் அரைத்து ஊற்றிய குழம்பு. கும்பகோணத்துப் பக்கம் இட்லிக்கு ஊற்றுவார்கள். குருமாவுக்குத் தம்பி, சாம்பாருக்கு ஒன்றுவிட்ட மச்சான். பரிமாறிய பையன் நான்காவது இட்லி வைக்கும்போது பக்கத்து இலைக்காரரைப் பார்த்து, “மாமா, இவரு சைக்கிள்லயே வேதாரண்யம் போறாராம்” என்றான். செய்தி எப்படி எனக்கு முன்னால் பந்திக்கு வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. பக்கத்து இலைக்காரர் கவலையோடு கேட்டார்: “சுகருங்களா?”

டாக்டர் சொன்னார் என்றேன். உடற்பயிற்சியைவிட இது நன்றாக வேலை செய்தது. உடனே என் இலையில் இருந்த கேசரியை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பையனை அதட்டினார். சொன்ன பொய்க்குக் கேசரி போயிற்று.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா வர மனசில்லை. மொய் எழுதுகிற மேஜைக்குப் போய் நூற்று ஒன்று நீட்டினேன். மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர், ஊர் எது என்று கேட்டார். திருச்சி. பெயர் சொன்னேன். வெளியே ஸ்பீக்கர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. எட்டி நோட்டைப் பார்த்தேன். ‘திருச்சி, சைக்கிள்காரர், 101’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தார். தாம்பூலப் பையில் தேங்காய். அந்தத் தேங்காய் கேரியரில் கும்பகோணம் வரை உருண்டு உருண்டு வந்தது.

இதை இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். 1930-ல் தஞ்சை கலெக்டராக இருந்தவர் தார்ன் என்கிற வெள்ளைக்காரர். நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை, அபராதம் என்று உத்தரவு போட்டார். தண்டோராவும் போட்டார்கள். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்களாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்தால், எங்கே மறைத்து வைத்திருக்கிறது என்று யாராவது காதில் போட்டுவிட்டு நகர்வார்களாம். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைக்கவெல்லாம் இல்லை. வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டார். ஜெயிலுக்குப் போனார்.

மாலை கும்பகோணத்தில் பித்தளை டபராவில் டிகிரி காபி குடித்தேன். இருபத்தைந்து ரூபாய். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கு ஊர் பைபாஸில் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு பார்த்துப் பார்த்து, அசல் ஊரில் குடிக்கும்போது ஏதோ நகலைக் குடிப்பது போலவே இருக்கிறது. இது காபியின் தப்பு இல்லை.

இடுப்பில் கட்டிய துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்: கும்பகோணம் – மன்னார்குடி

இன்று விழுந்தேன்.

வலங்கைமான் தாண்டியதும் சாலையில் பாதிக்கு நெல் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். சம்பா அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஜனவரியில் மழை வேறு. களம் இல்லாதவர்கள் ரோட்டில்தான் காயவைக்க வேண்டும். ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். எதிரே லாரி. நான் கல்லுக்கு உள்பக்கம் ஒதுங்கி, நெல்மேல் பிரேக் பிடித்தேன். நெல்மேல் பிரேக் பிடிக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. முன்சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் நெல்லில் முழங்கை வரை புதைந்து கிடந்தேன்.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்தார். முதலில் சைக்கிளைத் தூக்குவார் என்று நினைத்தேன். நெல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அடி பட்டுச்சா? இந்தா பாரு, ரத்தம். ஏந்தம்பி, ரோட்டுல இவ்ளோ எடம் கெடக்கே, எந்நெல்லு மேலதான் வரணுமா?” திட்டிக்கொண்டே முந்தானையால் முழங்கையைத் துடைத்தார். புளியமரத்தடியில் தூக்குவாளி. அதிலிருந்து நீராகாரம், இரண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர்மிளகாய். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்து, மழையில் சாய்ந்துபோன மூன்று மா நிலத்தைப் பற்றிச் சொன்னார். எழுந்தபோது என் சட்டைப் பையிலும், கையுறைக்குள்ளும், காலுறைக்குள்ளும் நெல். அவர் கேட்டபடி எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு கைப்பிடி இருக்கும். அதையும் கூட்டிச் சேர்த்தார்.

“எங்க போற?”

“வேதாரண்யம்.”

“வேண்டுதலா?”

ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அடுத்த கேள்வியே வரவில்லை. தலையை ஆட்டி, “நல்லபடியா போயிட்டு வா” என்றார். இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த பதில் இதுதான். இதற்குப் பிறகு கேட்ட எல்லோரிடமும் வேண்டுதல் என்றே சொன்னேன். ஒருவரும் மேலே கேட்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் காசே வாங்கவில்லை. அது மட்டும் உறுத்துகிறது.

நீடாமங்கலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் பஞ்சர். கருவேல முள். (தார்ன் என்றாலும் ஆங்கிலத்தில் முள்தான். கலெக்டர் இன்னும் பழி வாங்குகிறார்.) மாற்று டியூப் போட்டுவிட்டேன். ஆனால் கைப்பம்பை நெல் அம்மாவிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். தள்ளிக்கொண்டே போய், ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சைக்கிள் கடை கிடைத்தது. எழுபது வயது இருக்கும். காதில் பீடி.

என் சைக்கிளில் ஊசி போன்ற மெல்லிய வால்வ். அவருடைய கம்ப்ரசர் குழாய் பைக் வால்வுக்கானது. பொருந்தாது. பொருந்த வைக்கிற பித்தளைத் துண்டு திருச்சியில் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது.

அவர் குனிந்து வால்வை ஐந்து நிமிஷம் பார்த்தார். விரலால் தட்டினார். வால்வ் நுனியில் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பிளேடால் அந்த மூடியின் தலையை மட்டும் அரிசி அளவுக்குச் சீவினார். ஓட்டை விழுந்த மூடியைத் தலைகீழாகத் திருப்பி வால்விலேயே மாட்டினார். கம்ப்ரசர் குழாயை அதன்மேல் வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், டயர் கல்லாகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “மூடிய தூக்கிப் போட்டுடாதீங்க, இனிமே இதான் உங்களுக்கு” என்றார். கிழிந்த டியூபையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். நூறு கொடுத்தேன், நாற்பதை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் கேட். முக்கால் மணி நேரம். ஒரு எஞ்சின் மட்டும் தனியாக அந்தப் பக்கம் போயிற்று, பிறகு இந்தப் பக்கம் வந்தது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். அந்த நேரத்தில் ஏழு பேர் சைக்கிள் விலை கேட்டார்கள். உண்மை விலை சொன்னால் பைத்தியம் என்பார்கள். எட்டாயிரம் என்றேன். அதற்கே ஒருவர், “ஏமாத்திட்டான் சார்” என்றார்.

மன்னார்குடியில் தங்கிய லாட்ஜில் சைக்கிளை அறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். கீழே விட்டால் நான் தூங்க மாட்டேன். கடைசியில், சைக்கிளை ஒரு ஆளாகக் கணக்குப் போட்டு ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்று நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டார்கள். ரசீதிலும் அப்படியே போட்டிருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்: மன்னார்குடி – வேதாரண்யம்

மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று எங்கள் பாட்டி சொல்வாள். மதிலைப் பனியில் பார்த்தேன், மேல் பாதி தெரியவில்லை. ஹரித்ரா நதி என்று பெயர் வைத்த அந்தப் பெரிய குளத்தில் எதிர்க்கரையும் தெரியவில்லை. நதி என்று பெயர் வைத்தது சரிதான்.

கோட்டூர் வழியாகத் திருத்துறைப்பூண்டி வரை ஒன்றும் இல்லை. இரண்டு நாய்கள் துரத்தின, அதில் ஒன்று நன்றாகவே ஓடியது. திருத்துறைப்பூண்டியில் தள்ளுவண்டியில் மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி, இருபது ரூபாய். நெல் ஜெயராமன் பாரம்பரிய விதைகளைத் திரட்டிய வட்டாரம் இது.

அதற்கப்புறம் காற்று. ராஜாஜி நடைப்பயணத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், காற்றைப் பற்றி எங்கேயும் படித்த ஞாபகம் இல்லை. கடலிலிருந்து நேரே முகத்தில். மேடு இல்லை, பள்ளம் இல்லை, சமதளத்தில் மலை ஏறுகிற கியரில் மிதித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு எட்டு கிலோமீட்டர். புல்லுக்கட்டோடு போன ஒரு பெரியம்மா கிட்டத்தட்ட என் கூடவே வந்தார். முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது.

வாய்மேடு, தகட்டூர், ஆயக்காரன்புலம். இங்கெல்லாம் முல்லை. காலையிலேயே மொட்டு பறித்து முடித்து, வாசலில் கிலோக் கணக்கில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தென்னந்தோப்புகளில் நடுநடுவே வெட்டவெளி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியது இந்தக் கரையில்தான். இளநீர் குடித்த இடத்தில் தோப்புக்காரர், “இது கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னு” என்று தன் பேரனை அறிமுகப்படுத்துவது போல மரத்தைத் தட்டிக் காட்டினார்.

வேதாரண்யத்தில் முதல் வேலையாக ஷேவிங். நான்கு நாள் தாடி, உப்புக்காற்றில் அரித்தது. சலூன்காரர் ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, மறு கன்னத்தில் கத்தியை வைத்தபடி கேட்டார்: “சார் போலீஸ் இல்லையே?”

இல்லை என்றேன்.

“அப்ப சரி. இல்லேன்னா பாதியிலயே நிறுத்தியிருப்பேன்.”

வைரப்பன் கதை. உப்பு சத்தியாகிரகம் நடந்தபோது, இந்த ஊரில் போலீஸுக்கும் அரசாங்க ஆட்களுக்கும் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தவர் போலீஸ் என்று பாதியில் தெரிந்ததும், வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். கோர்ட்டில் மீதியை முடித்துவிடு, விட்டுவிடுகிறேன் என்றதற்கு, சவரப் பெட்டியை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்து, வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்றார். ஜெயிலுக்கும் போனார். சலூன்காரர் இதைச் சொல்லும்போது, கோர்ட்டு சீன் வரும் இடத்தில் கத்தியை எடுத்துவிட்டுக் கையை வீசி நடித்துக் காட்டினார். ஒரு பக்கம் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. கதை முடிகிற வரை என்னால் எழுந்திருக்கவும் முடியாது. எழுபது ரூபாய்.

பிப்ரவரி 5, புதன்: அகஸ்தியம்பள்ளி, கோடியக்கரை, திரும்பல்

அகஸ்தியம்பள்ளி நினைவுத்தூண் அருகே காலை ஏழு மணிக்கு என்னைத் தவிர ஒரு ஆடு. ராஜாஜி ஊர் வந்து சேர்ந்தது ஏப்ரல் 28. உப்பை அள்ளிக் கைதானது 30. கொஞ்ச நேரம் நின்றேன். மனதில் பெரிதாக ஒன்றும் எழவில்லை. இதற்காகத்தான் வந்தோம் என்பதால் ஏதாவது எழ வேண்டும் என்று எதிர்பார்த்ததே காரணமாக இருக்கலாம்.

உப்பளங்களில் இப்போதுதான் சீசன் தொடங்குகிறது. ஒரு பாத்தியில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். தரை இறுகினால்தான் உப்பு மண்ணில்லாமல் வெள்ளையாக வரும். வரப்பில் நின்று பார்த்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவரின் பாதங்கள் வெடித்து, விரிசல்களில் வெள்ளை படிந்திருந்தது. என்னையும் சைக்கிளையும் பார்த்தார். ஏன் என்று கேட்பார், வேண்டுதல் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

“நேத்தா வந்தீங்க?”

“ஆமாங்கய்யா.”

“காத்து எதுத்துல அடிச்சிருக்குமே.”

ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான் கேட்டார். கிளம்பும்போது, போன வருஷத்துக் குவியலிலிருந்து ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

கோடியக்கரை வரை போனேன். தூரத்தில் பூநாரைக் கூட்டம், வெயிலில் ரோஸ் நிறக் கோடு போல. வெளிமான் நான்கு. ஒரு ஆண், முறுக்கிய கொம்போடு, நடு ரோட்டில் நின்று வழிவிடாமல் பார்த்தது. நான்தான் இறங்கி நின்றேன்.

திரும்புவதற்கு பஸ் என்று நினைத்திருந்தேன். முதல் பஸ்ஸில் கண்டக்டர் சைக்கிளா என்று விசிலடித்துவிட்டார். இரண்டாவதில் மேலே கேரியரே இல்லை. கடைசியில் திருச்சிக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகிற லாரி ஒன்று முந்நூறு ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டது. சைக்கிள் மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு, தார்ப்பாய்க்குக் கீழே. நான் டிரைவர் பக்கத்தில். ஐந்து நாளாக மிதித்த ஊர்களெல்லாம் தலைகீழ் வரிசையில் ஓடின. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நீடாமங்கலம். நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார். “ஆமா, கேக்கணும்னு இருந்தேன் சார். ஏன் சைக்கிள்ல?”

வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, “வேண்டுதல் முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

முடிந்தது என்று இரண்டு பொட்டலம் வாங்கினேன். மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டதாம். பையில் இருந்த காகிதத்தைப் பிரித்து, பெரியவர் கொடுத்த உப்பைத் தொட்டுக்கொண்டோம்.